பழைய டிராக்டருக்கு எந்த கியர் ஆயில், எந்த ஹைட்ராலிக் ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது, நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் தமிழ்நாட்டு வயல்களில் உழைத்துக்கொண்டிருக்கும் மாஸி ஃபெர்குசன் 1035, எஸ்கார்ட்ஸ் ஃபோர்டு 3000 போன்ற வண்டிகளையும், 1035-க்கு முன்னோடியான ஃபெர்குசன் டி.இ.20, மாஸி ஃபெர்குசன் 35 ஆகியவற்றைப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்களையும் மனத்தில் கொண்டு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. என்ஜின் ஆயிலைப் பற்றி இங்கே பேசப்படவில்லை. கியர் பாக்ஸ், கிரவுன் (பின்சக்கரங்களுக்கு விசையைத் திருப்பிவிடும் பல்சக்கர அமைப்பு), லிஃப்ட் (கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு) ஆகிய மூன்றுக்கும் செல்லும் ஆயில் மட்டுமே இங்கு பொருள்.

என்னிடம் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. அதற்கு எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?

வண்டியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல இயலாது. கியர் பாக்ஸ், கிரவுன், ஹைட்ராலிக் மூன்றும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றனவா அல்லது தனித்தனி அறைகளில் இருக்கின்றனவா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது, பிரேக் ஆயிலில் மூழ்கியிருக்கிறதா, அதாவது வெட் பிரேக்கா, அல்லது ட்ரை பிரேக்கா என்பது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் தேர்வு ஏறத்தாழ முடிந்துவிடும். டின்னின் மேல் எந்த கம்பெனியின் பெயர் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்விதான்.

கடையில் "என்ன வண்டி?" என்று கேட்டுவிட்டு உடனே ஒரு டின்னை எடுத்து வைப்பது வழக்கமாக இருந்தாலும், ஒரே பெயரில் வந்த வண்டி வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பிரேக் அமைப்புடன் வந்திருக்கக்கூடும் என்பதால் அந்த வழக்கத்தை நம்பிவிடக் கூடாது. போதாக்குறைக்கு, பழைய வண்டிகள் பலவற்றில் ஒரு வண்டியின் பின்பாதி இன்னொரு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலை விட, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரிவதே உண்மை.

பழைய மாஸியில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில் என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

ஃபெர்குசன் வடிவமைப்பின் அடிப்படையே அதுதான். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான டி.இ.20 வண்டியிலும், 1956-இல் வந்து பின்னர் மாஸி ஃபெர்குசன் 35 என்று பெயர் பெற்ற வண்டியிலும், கியர் பாக்ஸ் முதல் கிரவுன் ஹவுசிங் வரை ஒரே தொட்டியாக இருக்கும். ஹைட்ராலிக் பம்ப் அந்தத் தொட்டிக்குள்ளேயே, ஆயிலில் மூழ்கிய நிலையில், வெளிக்கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. ஷாஃப்டின் ஓட்டத்தில் சுழல்கிறது. நான்கு பிஸ்டன் கொண்ட அந்தப் பம்ப், கியரைக் குளிப்பாட்டும் அதே ஆயிலை உறிஞ்சி, அழுத்தத்துடன் லிஃப்ட் சிலிண்டருக்கு அனுப்புகிறது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் 1035 வண்டியும் இந்த மாஸி 35 வழியில் வந்ததே.

ஆயில் தேர்வைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேறு பல டிராக்டர்களில் பம்ப் எப்போதும் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்க, வெளியேறும் பக்கத்தில் உள்ள வால்வு அதை லிஃப்டுக்கோ தொட்டிக்கோ திருப்பிவிடும். ஃபெர்குசன் பம்பில் கட்டுப்பாட்டு வால்வு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லீவரைத் தூக்கினால் உறிஞ்சும் வழி திறக்கும், நடுநிலையில் வைத்தால் மூடிக்கொள்ளும். ஆகவே ஆயில் அந்தச் சிறிய வழியாகத் தானாக ஓடிவந்து பம்பை நிரப்ப வேண்டும். ஆயில் மிகவும் தடிப்பாக இருந்தாலோ, உறிஞ்சும் பக்கத்து வலை அடைத்திருந்தாலோ பம்ப் பட்டினி கிடக்கும். அப்போது லிஃப்ட் விட்டுவிட்டு ஏறும், இருக்கைக்கு அடியிலிருந்து கரகரவென்ற ஓசை எழும். "பம்ப் போய்விட்டது" என்று இறக்கப்படும் மாஸி பம்புகளில் ஒரு பகுதி உண்மையில் இந்தக் காரணத்தால்தான் இறக்கப்படுகிறது.

ஆகவே இந்த வண்டிகளுக்கான ஆயில், கிரவுன் பல்லைத் தாங்கும் அளவுக்கு உடல் உள்ளதாகவும், பம்புக்குள் தயங்காமல் ஓடும் அளவுக்கு இளகியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையிலான இழுபறிதான் பழைய மாஸி ஆயில் பற்றிய எல்லாக் கருத்து வேறுபாடுகளுக்கும் காரணம்.

ஃபோர்டு 3000-க்கும் இதே விதி பொருந்துமா?

பொருந்தாது. ஃபோர்டு 3000 வண்டியில் கியர் பாக்ஸ் தனி அறை. அதன் ஆயில் பின்பக்க ஆக்ஸிலுக்குச் செல்வதில்லை. கிரவுனும் ஹைட்ராலிக்கும் மட்டும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. பம்ப் என்ஜின் பக்கத்தில் பொருத்தப்பட்டு, பின்புறத் தொட்டியிலிருந்து குழாய் வழியாக ஆயிலை இழுக்கிறது. ஆகவே கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90 என்ற கியர் ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம் என்றாலும், பின்பக்கத்துக்கு அதை விட இளகிய, ஹைட்ராலிக்குக்கு ஏற்ற ஆயில் வேண்டும். நீண்ட குழாய் வழியாகத் தடித்த ஆயிலை இழுப்பது பம்புக்குப் பெரிய சுமை. இரண்டு அறைக்கும் ஆயில் அளவைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதை மறந்து ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு, மற்றொன்றை ஆண்டுக்கணக்கில் காயவிடும் வழக்கமும் இந்த வண்டியில் உண்டு.

90 ஆயில் என்பது 40 ஆயிலை விட இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பானதா?

இல்லை. பலரைத் தவறான பக்கம் இழுத்துச் செல்வது இந்த எண்கள்தான். என்ஜின் ஆயிலுக்கு எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் ஓர் அளவுகோலையும், கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோலையும் வைத்திருக்கிறது. இரண்டு வகையும் ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே கியர் ஆயிலுக்குப் பெரிய எண்கள் வழங்கப்பட்டன.

100 டிகிரி செல்சியஸில் அளந்தால், எஸ்.ஏ.இ. 40 என்ஜின் ஆயிலின் பிசுக்குமை, அதாவது தடிப்பின் அளவு, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். எஸ்.ஏ.இ. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலோ 13.5 முதல் 18.5 வரை. அதாவது 90 கியர் ஆயில் என்பது 40, 50 என்ஜின் ஆயில்களின் அருகில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையிலேயே தடித்தது 140. அது 24-இல் தொடங்கி 32.5 வரை செல்கிறது.

தொழிற்சாலை ஹைட்ராலிக் ஆயிலுக்கு மூன்றாவதாக ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 68 என்றால் 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 68 சென்டிஸ்டோக்ஸ் என்று பொருள். அதே 40 டிகிரியில் சாதாரண 80டபிள்யூ-90 கியர் ஆயில் இதைப் போல் இரண்டு மடங்கு பிசுக்குமை கொண்டிருக்கும். ஆகவே 68 என்ற எண்ணையும் 90 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கொஞ்சம்தானே வித்தியாசம்" என்று எண்ணுவது தவறு. இந்த இரண்டு எண்களும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை அல்ல.

ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று டின்னில் எழுதியிருக்கிறதே. எண் கூடினால் தரமும் கூடும் அல்லவா?

என்ஜின் ஆயிலில் புதிய வகைகள் பழையவற்றை விட மேம்பட்டவையாக வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் கியர் ஆயிலிலும் அப்படியே எண்ணிவிடுகிறார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. வகுத்த ஜி.எல். எண்கள் தரவரிசை அல்ல. எந்த வகையான பல்லுக்கு எந்த ஆயில் என்பதைச் சொல்பவை.

ஜி.எல்-1 என்பது அழுத்தம் தாங்கும் ரசாயனச் சேர்மானம் ஏதும் இல்லாத வெறும் மினரல் ஆயில். அக்காலத்து ஃபெர்குசன் கையேடுகள் குறிப்பிட்ட ஆயில் இவ்வகையே. குளிருக்கு 80, வெயிலுக்கு 90 என்று அவை சொல்லின. ஜி.எல்-4 நடுத்தரச் சுமைக்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்களைக் கொண்டது. ஜி.எல்-5-இல் அந்தச் சேர்மானம் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். லாரி, ஜீப் ஆக்ஸில்களில் உள்ள ஹைப்பாய்டு கிரவுனில், கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் அச்சு கிரவுனின் மையத்திலிருந்து விலகி நிற்பதால் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கித் தேய்கின்றன. அந்த வழுக்கலைத் தாங்கத்தான் ஜி.எல்-5 உருவானது. பழைய மாஸியின் கிரவுனும் பினியனும் அப்படிப்பட்டவை அல்ல. மையம் விலகாத சுருள் பல் அமைப்பு என்பதால் அவற்றுக்கு அந்த அளவு ரசாயனம் தேவைப்படுவதே இல்லை.

தேவையில்லாததோடு நின்றுவிட்டால் கவலையில்லை. சூடு ஏறும்போது வீரியம் கொள்ளும் கந்தகச் சேர்மானம், செம்பு கலந்த உலோகங்களை, அதாவது வெண்கலப் புஷ், பித்தளை வாஷர் போன்றவற்றை, மெதுவாக அரிக்கக்கூடியது. இன்றைய ஜி.எல்-5 ஆயில்கள் இந்த வகையில் முன்பை விட மேம்பட்டிருப்பது உண்மைதான். தெரியாமல் ஜி.எல்-5 ஊற்றிவிட்டவர்கள் பதறிப்போய் அன்றே வடித்துக் கொட்ட வேண்டியதில்லை. ஆயினும் புஷ் கிடைப்பதற்கே அலைய வேண்டிய ஒரு பழைய வண்டியில், எந்தப் பயனும் இல்லாத ஓர் ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதில் பொருளில்லை. அடுத்த மாற்றத்தில் ஜி.எல்-4-க்கு வந்துவிடுவதே சரி.

யு.டி.டி.ஓ. என்ற டிராக்டர் ஆயிலை பழைய வண்டிக்கு ஊற்றலாமா?

கியர், கிரவுன், ஹைட்ராலிக், வெட் பிரேக் ஆகிய நான்கையும் ஒரே ஆயிலால் நடத்துவதற்காகத் தயாரிக்கப்படும் வகைக்கு யு.டி.டி.ஓ. என்று பெயர். "வெட் பிரேக் ஆயில்" என்று கடைகளில் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். இதனோடு என்ஜினையும் சேர்த்து நடத்தும் வகை எஸ்.டி.ஓ.யு. எனப்படுகிறது. யு.டி.டி.ஓ. டின்னின் பின்புறம் மாஸி ஃபெர்குசனின் எம்-1135, எம்-1143, எம்-1145, ஜான் டியரின் ஜே-20சி போன்ற குறியீடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். "எல்லா டிராக்டருக்கும் ஏற்றது" என்ற வாசகம் மட்டும் இருந்து, ஒரு குறியீடும் இல்லையென்றால் அந்த டின்னை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

பழைய ஒரே தொட்டி வண்டிக்கு இது பொருந்தும் ஆயில்தான். பம்புக்கு மிகவும் பிடித்தது. லிஃப்ட் சீராக ஏறும். ஆனால் 100 டிகிரியில் இதன் பிசுக்குமை பெரும்பாலும் 9, 10 சென்டிஸ்டோக்ஸ் அளவில்தான் இருக்கும். இத்தனை காலம் 90 ஆயிலில் ஓடி, சீல்களும் பேரிங்குகளும் தேய்ந்த வண்டியில் இதை ஊற்றியவுடன், முன்பு கசியாத இடமெல்லாம் கசியத் தொடங்கும். கியரின் ஓசை சற்றுக் கூடும். தூக்கிய கலப்பை முன்பை விட விரைவாக இறங்கும். ஆயில் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. தடித்த ஆயில் இதுவரை மூடி வைத்திருந்த தேய்மானம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ட்ரை பிரேக் உள்ள பழைய மாஸிக்கு என்னுடைய பரிந்துரை இது: பின்பாதி அண்மையில் பிரித்து சீல் மாற்றப்பட்டிருந்தால், அல்லது லிஃப்ட் வேலை அதிகம் இருந்தால், யு.டி.டி.ஓ. ஊற்றலாம். வண்டி தேய்ந்து, பெரும்பாலும் டிரெய்லர் இழுக்கிறது என்றால் ஜி.எல்-4 வகை 80டபிள்யூ-90 போதுமானது, விலையும் குறைவு. சமவெளியில் மார்கழி விடியற்காலையிலும் குளிர் அப்படியொன்றும் கடுமையாக இறங்குவதில்லை என்பதால் இந்த ஆயிலில் பம்ப் திணறுவதில்லை. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் உறைபனி விழும் இடங்களில் ஓடும் வண்டிக்கு மட்டும், தேய்ந்திருந்தாலும் யு.டி.டி.ஓ. பக்கம் சாய்வதே நல்லது.

வெட் பிரேக்கா, ட்ரை பிரேக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ட்ரை பிரேக் உள்ள பழைய மாஸி, ஃபோர்டு 3000 ஆகியவற்றில் பின்சக்கர ஹப்பை ஒட்டி டிரம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் லைனிங்கும் காய்ந்த நிலையில் தெரியும். வெட் பிரேக்கில் தட்டுகள் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் ஆயிலில் மூழ்கியிருப்பதால் வெளியே டிரம் எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் கழற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

வெட் பிரேக் வண்டியில் வெறும் 90 ஆயிலை ஊற்றக் கூடாது. அதில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் இல்லாததால், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வண்டி அதிரும், உள்ளிருந்து உறுமல் ஓசை வரும், காலப்போக்கில் தட்டுகள் மெருகேறி வழுக்கத் தொடங்கும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும் வண்டிக்கு இது சிக்கனம் பார்க்கும் இடமல்ல.

ட்ரை பிரேக் வண்டியிலும் ஆயிலுக்கும் பிரேக்குக்கும் உறவு உண்டு. ஹப் சீல் தேய்ந்தால் ஆயில் நேராக லைனிங்கில் இறங்கும். ஒரு பக்க பிரேக் மட்டும் பிடிக்காமல் வண்டி ஒருபுறம் இழுத்தால், அட்ஜஸ்ட்மென்டைத் தொடுவதற்கு முன் டிரம்மின் அடிவிளிம்பில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

லிஃப்டுக்காக ஹைட்ராலிக் 68 ஆயிலை ஊற்றினால் நல்லதுதானே?

ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி உள்ள வண்டியில் ஊற்றலாம், கையேடும் அதைச் சொன்னால். ஒரே தொட்டி வண்டியில் கூடாது. ஜே.சி.பி., லேத் போன்றவற்றுக்கான 68 ஆயிலில் பம்பைக் காக்கும் சேர்மானம் மட்டுமே இருக்கும். கிரவுன் பல்லின் மேல் விழும் அழுத்தத்தைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. லிஃப்ட் அருமையாக ஏறுவதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே பினியன் பல்லின் முகம் பொரிந்துகொண்டிருக்கும். பாதி 90, பாதி 68 என்று கலந்து ஊற்றும் கைவைத்தியமும் நடைமுறையில் இருக்கிறது. பிசுக்குமை நடுவில் வந்து நிற்கும் என்பது சரிதான். ஆனால் ஜி.எல்-4 சேர்மானமும் பாதியாகக் கரைந்துவிடும், இரண்டு ஆயில்களின் நுரை தடுக்கும் பொருள்களும் ஒத்துப்போகும் என்ற உறுதியும் இல்லை.

கியர் சத்தம் போடுகிறது. 140 ஆயில் ஊற்றினால் அடங்குமா?

சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. தனி அறையில் உள்ள கியர் பாக்ஸில், கடும் கோடையில், சில காலம் வண்டியை ஓட்டிவிட வேண்டும் என்ற நிலையில் இதைச் செய்வதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஒரே தொட்டி மாஸியில் 140 ஊற்றுவது மேலே சொன்னபடி பம்பைப் பட்டினி போடுவதாகும். வண்டியை விற்பதற்கு முன் 140 ஊற்றி வைப்பது சந்தையில் நன்கு அறிந்த உத்தி. பழைய வண்டி வாங்கச் செல்பவர்கள் அளவுக்குச்சியை உருவி, ஆயில் சொட்டாகப் பிரிந்து விழுகிறதா, தேன் போல நூலாக நீள்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைச் சூடேற ஓட்டிய பின்பே விலை பேசுவது நல்லது.

தூக்கிய கலப்பை தானாக இறங்கிவிடுகிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா?

எப்போது இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. கலப்பையைத் தூக்கி என்ஜினை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். மெதுவாக இறங்கினால் லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங், அல்லது வால்வு கசிகிறது என்று பொருள். என்ஜின் ஓடும்போது கலப்பை சிறிது இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதே கசிவுதான். இறங்கும் ஒவ்வொரு முறையும் பம்ப் அதை மேலே தள்ளுகிறது. இவை ஆயிலால் தீராதவை.

ஏறவே தாமதமாகிறது, அல்லது வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் தயங்குகிறது என்றால் ஆயிலைச் சந்தேகிக்கலாம். அளவு குறைந்திருக்கலாம், தடிப்பு கூடியிருக்கலாம், உறிஞ்சும் வலை அடைத்திருக்கலாம். வண்டி சூடேறிய பிறகு மட்டும் லிஃப்ட் பலமிழந்தால், ஆயில் மிக இளகியது அல்லது பம்ப் உள்ளே தேய்ந்தது. சூட்டில் இளகும் ஆயில் தேய்ந்த இடைவெளிகள் வழியாகத் திரும்பி ஓடிவிடுகிறது. பம்பை இறக்குவதற்கு முன் வலையைக் கழுவி, சரியான ஆயிலை ஊற்றிப் பார்ப்பது செலவு குறைந்த முதற்படி.

ஆயில் பால் போல் வெளுத்துவிட்டது. ஏன்?

நீர் கலந்திருக்கிறது, அல்லது காற்று கலந்திருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், காற்று நுரை சில மணி நேரத்தில் தெளிந்து ஆயில் தன் நிறத்துக்குத் திரும்பும். நீர் கலந்தது அப்படியே வெளுத்திருக்கும் அல்லது அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். யு.டி.டி.ஓ. வகை சிறிதளவு நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால் அடியில் நீர் பிரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சந்தேகம் தீர, நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு விட்டால், நீர் இருக்கும் ஆயில் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

காவிரிப் படுகையில் இது மிகவும் சாதாரணமான கோளாறு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து குறுவைக்குச் சேற்று உழவு தொடங்கினால், கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய வண்டிகள் நாள் முழுவதும் ஹப் வரை சேற்றில் புதைந்து ஓடுகின்றன. சூடான ஆக்ஸில் ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகச் சேற்று நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிழிந்த கியர் லீவர் ரப்பர், மூடி தொலைந்த அளவுக்குச்சித் துளை, அடைத்துப்போன காற்றுப்போக்கி ஆகியவையும் வழிவிடுகின்றன. அளவுக்குச்சித் துளையில் துணியைச் சுருட்டி அடைத்திருக்கும் வண்டிகளில், மழை பெய்தால் அந்தத் துணியே திரியாக நீரை உள்ளே இறக்கும்.

வெளுத்த ஆயிலோடு "இந்தப் பருவம் முடியட்டும்" என்று ஓட்டினால் முதலில் கெடுவது பம்பும் பேரிங்கும்தான். உடனே வடித்துவிட வேண்டும். படுகையில் வேலை செய்யும் வண்டிக்கு, மணிக்கணக்கு எப்படியிருந்தாலும், சேற்று உழவு முடிந்த கையோடு ஆயிலைச் சோதித்துவிடுவது நல்ல பழக்கம். அந்த வண்டிக்கு விலையுயர்ந்த ஆயிலை உழவுக்கு முன் ஊற்றுவதை விட, உழவு முடிந்து சீலைப் பார்த்த பின் ஊற்றுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

டிப்பர் டிரெய்லரை இரவல் வாங்கிப் பயன்படுத்துகிறோம். அதனால் ஆயிலுக்குக் கேடு உண்டா?

உண்டு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிப்பரின் ஜாக்கி உயர்வதற்கு டிராக்டரின் ஆயில் லிட்டர் கணக்கில் அதற்குள் செல்கிறது. இறங்கும்போது ஜாக்கிக்குள் ஏற்கெனவே கிடந்த ஆயிலோடு கலந்து திரும்புகிறது. நேற்று வேறொரு வண்டியில் பூட்டியிருந்த டிப்பர் என்றால், அந்த வண்டியின் ஆயிலும் அதன் இரும்புத் தூளும் இன்று உங்கள் தொட்டியில் இருக்கும். நீங்கள் எவ்வளவு ஆராய்ந்து ஆயில் வாங்கியிருந்தாலும் சில வாரங்களில் ஊரில் உள்ள எல்லா வண்டிகளின் ஆயிலும் ஒரே கலவையாகிவிடும். கப்ளிங் முனையில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைக்காமல் பூட்டுவது இன்னொரு கேடு. வெட் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் இரவல் டிப்பர் விஷயத்தில் சற்றுக் கறாராக இருப்பதில் தவறில்லை.

டிப்பர் உயர்ந்திருக்கும்போது தொட்டியில் அளவு குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும். அதற்காக அளவுக்குச்சியின் மேல் கோட்டைத் தாண்டி நிரப்பினால், டிப்பர் இல்லாத நாள்களில் கிரவுன் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும், ஹப் சீலிலும் கசியும். மேல் கோட்டுக்குச் சரியாக வைத்துக்கொள்வதே இரண்டுக்கும் பொதுவான வழி.

என்ஜின் ஆயிலை, அல்லது வடித்தெடுத்த பழைய என்ஜின் ஆயிலை, கியர் பாக்ஸில் ஊற்றலாமா?

புதிய 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில் தடிப்பில் பொருத்தமாகவே இருக்கும். ஆபத்துக்கு, வேறு கிடைக்காத இடத்தில், குறைந்த அளவை நிரப்ப அதைச் சிறிது ஊற்றினால் வண்டி கெட்டுவிடாது. வழக்கமாக்கக் கூடாது. வடித்தெடுத்த ஆயிலை ஊற்றவே கூடாது. அதில் புகைக்கரி, எரியாத டீசல், அமிலம் ஆகியவை இருக்கின்றன. வெறும் கியர் பாக்ஸாவது கொஞ்ச காலம் தாங்கும். நுண்ணிய இடைவெளிகளில் வால்வு நகரும் ஹைட்ராலிக் பம்ப் தாங்காது.

பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். உள்ளே எந்த ஆயில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

தெரியாத ஆயிலின் மேல் தெரிந்த ஆயிலை ஊற்றிப் பயனில்லை. முழுவதும் வடித்துவிட வேண்டும். வண்டியை ஒரு மணி நேரமாவது ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே, லிஃப்டை இறக்கி வைத்துவிட்டு வடிக்க வேண்டும். ஆறிய ஆயிலை வடித்தால் கசடு அடியிலேயே தங்கிவிடும். மாஸி வகையில் வடிகால் பிளக் ஒன்றுக்கு மேல் இருக்கும். கியர் பாக்ஸின் அடியில் உள்ளதை மட்டும் கழற்றிவிட்டு, பின்னால் உள்ளதை விட்டுவிட்டால் கணிசமான ஆயில் உள்ளேயே நிற்கும்.

பிளக்கில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எறியாமல் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் களிம்பு போல நைஸாக இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் செதில்கள் பல் உடைவதைக் காட்டுகின்றன. ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் வெண்கலப் புஷ் தேய்கிறது.

டீசல் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றி வண்டியை ஓட்டிக் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். பம்ப் அந்த நேரத்தில் உயவே இல்லாமல் சுழலும், மீதமாகும் டீசல் புதிய ஆயிலை இளக்கும். உள்ளே மிகவும் கசடாக இருந்தால், ஊற்றப் போகும் வகையிலேயே விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சில நாள்கள் இலகுவான வேலை செய்துவிட்டு மீண்டும் வடிப்பதே பாதுகாப்பானது. மாஸி 35-க்கு ஒருமுறை நிரப்ப 30 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும் என்பதால் செலவு உறுத்தும்தான். ஒரு பம்பின் விலையோடு ஒப்பிட்டால் உறுத்தல் குறையும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முதன்மை. கையேடு இல்லையென்றால் 1000 மணி நேரத்தை உச்ச வரம்பாக வைத்துக்கொண்டு, வலையை அதற்கு முன்பே ஒருமுறை கழுவிவிடலாம். மணி மீட்டர் ஓடாத வண்டிகளில் ஆண்டுக்கணக்குதான் துணை. அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும், லிஃப்ட் கைகள் இறங்கியிருக்க வேண்டும், டிப்பர் பூட்டியிருந்தால் அதுவும் இறங்கியிருக்க வேண்டும்.

ஸ்டீயரிங் பாக்ஸுக்கு?

பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டிகளில் அது தனி அறை. 90 கியர் ஆயில் போதும். கசிகிறது என்று கிரீஸை அடைத்துவிடுவது வேண்டாம். கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் திரும்பி வராது, மேல் பேரிங் காய்ந்துவிடும்.

லூஸ் ஆயில் வாங்கலாமா?

பேரலிலிருந்து அளந்து தரும் ஆயிலில் ஜி.எல். எண்ணோ, குறியீடோ, தயாரிப்புத் தேதியோ இல்லை. என்ன என்று தெரியாத ஒன்றை வடித்துவிட்டு, என்ன என்று தெரியாத இன்னொன்றை ஊற்றுவதாகவே அது முடியும். 20 லிட்டர் பக்கெட்டாக வாங்கினால் விலை வேறுபாடு அவ்வளவாக இருக்காது. சீல் உடையாததைப் பார்த்து வாங்கி, பிரித்த தேதியையும் ஊற்றிய வகையையும் பெயின்டால் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலேயே எழுதி வைத்தால், அடுத்து வண்டியைத் தொடும் மெக்கானிக்குக் குழப்பம் இருக்காது.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

வாய்க்கால் ஓரத்தில் ஊற்றுவதும், கரையான் மருந்து என்று கொட்டகைக் காலில் பூசுவதும் பரவலாக நடக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவாகவே கருதப்படுகிறது. மூடியுள்ள பழைய பக்கெட்டில் பிடித்து வைத்து, ஒர்க் ஷாப்களிலிருந்து பழைய ஆயிலை எடுத்துச் செல்லும், மறுசுழற்சிக்கான அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடலாம். நீர் கலந்த ஆயிலைத் தனிப் பக்கெட்டில் வைக்க வேண்டும். நல்ல பக்கெட்டில் அதைக் கலந்துவிட்டால் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.